பத்தாம் பக்கம்

பள்ளியாடி அங்கன்வாடிக்கு ஒரு மேசை ரயில் வேண்டும் என்றாள்
லில்லி புஷ்பம் டீச்சர்.
"உங்களுக்குத் தண்டவாளம் பழக்கந்தானே,"
மீன் பிடிக்கிறவனிடம் கடலை வரையச் சொல்வதுபோல.

நான் டிராக்மேன்.
ஆயிரத்து அறுநூற்று எழுபத்தாறு மில்லிமீட்டர்:
இரண்டு கம்பிக்கும் நடுவே அது
கூடாமல் குறையாமல் இருக்கிறதா என்று பார்க்கச் சம்பளம்.
அவள் நீட்டிய கதைப்புத்தகத்திலோ
தண்டவாளம் பாகற்கொடிபோல நெளிந்து
ஒரு பூசணிக்காயைச் சுற்றிப் போனது.
சிலீப்பர் கட்டைகளை எண்ணினேன். பதினொன்று.
அதன்மேல் ஏழு பெட்டி, மஞ்சள் நிறம்,
எஞ்சினுக்குக் காதில் கம்மல்.
இதை எந்த இன்ஸ்பெக்டர் பாஸ் பண்ணுவார்?

திருவனந்தபுரம் சாலைக் கடையில்
பேட்டரி ரயில் கிடைத்தது, அறுநூற்றைம்பது ரூபாய், நீலம்.
ஜன்னலுக்கு அடித்து மிஞ்சிய மஞ்சளைப் பூசினேன்;
சக்கரம் ஒட்டிக்கொண்டு ஒரு ஞாயிறு வீணாய்ப் போனது.
காட்டுக்கு ரப்பர்பால் சிரட்டைகள்,
பாலத்துக்குக் கமுகம்பாளை,
ஆற்றுக்குச் சுனிதாவின் நீலத் துப்பட்டா
(இன்னும் தேடிக்கொண்டிருக்கிறாள்).
மலைக்கு மட்டும்
குளச்சலில் மீன்பெட்டித் தெர்மக்கோல்.
மூன்று தடவை சோப்புப் போட்டுக் கழுவியும்
மலை சாளை மணத்தது.

கதையில் பத்தாம் பக்கம்தான் முக்கியம்.
குகைக்குள் கரடி தூங்கும்.
மஞ்சள் ரயில் விளக்கை அணைத்து
மூச்சைப் பிடித்துக் கடக்கும்.
எனக்குக் கரடி வரவில்லை.
களிமண்ணில் செய்தேன், பன்றி என்றார்கள்.
திரும்பச் செய்தேன்,
"இது டீச்சர்" என்றான் ஃபாயிஸ்.
இருட்டுக்குள் யார் எட்டிப் பார்க்கப் போகிறார்கள் என்று
குகையைக் காலியாகவே விட்டேன்.

திங்கட்கிழமை. பதினாறு பிள்ளைகள்,
மேசை விளிம்பில் பதினாறு தாடைகள்.
சுவிட்சைப் போட்டேன்.
பூசணிக்காயைச் சுற்றி, பாலம் கடந்து
குகைக்குள் போன ரயில்
வெளியே வரவில்லை.
சக்கரம் சுற்றும் சத்தம் மட்டும் வந்தது.
குனிந்து டார்ச் அடித்தேன்:
சாளை மணத்துக்கு வந்த சாம்பல் பூனை
மலைக்குள் சுருண்டு கிடக்கிறது.
அதன் வயிற்றில் எஞ்சின் முட்டி முட்டி நிற்கிறது.

வாலைப் பிடித்து இழுக்கக் கை நீட்டினேன்.
"வேண்டாம் மாமா, கரடி ஒறங்குதுல்லா!"
ஆஸ்லின். மூக்கு ஒழுகுகிறது, துடைக்கவில்லை.
ரயிலைப் பின்னால் இழுத்து
தண்ணீர்ப் பாட்டிலின் சிவப்பு மூடியைக் கழற்றி
குகை வாசலில், சரியாக நடுவில், வைத்தாள்.

பதினொரு வருட சர்வீஸில்
ஒரே ஒரு தடவை வண்டியை நிறுத்தியிருக்கிறேன்,
மண் சரிந்த ஒரு ராத்திரி, விளக்கை ஆட்டிக்கொண்டு ஓடி.
மறுநாள் எழுதிக் கொடுத்த விளக்கம் நாலு பக்கம்.

இங்கே ரயில் நின்றது,
யாரும் எதுவும் எழுதச் சொல்லவில்லை.
சத்துமாவு வந்தது. உருண்டை பிடித்துத் தின்றார்கள்.
ஃபாயிஸ் என் செருப்பின் மேல் தலைவைத்துத் தூங்கிப்போனான்.
டீச்சர் ரகசியக் குரலில் வருகைப் பதிவு எடுத்தாள்,
பிள்ளைகள் ரகசியக் குரலில் "உள்ளேன்" என்றார்கள்.
பூனை எழும்பி, முதுகை வளைத்து,
கமுகம்பாளைப் பாலத்தை மிதித்து உடைத்துவிட்டு
ஜன்னல் வழியே போனபோது பன்னிரண்டேகால்.
ஒரு மணி நாற்பது நிமிடம் தாமதம்.
"இனி போலாம்," மூடியை எடுத்தாள் ஆஸ்லின்.
போக முடியாது, பாலம் இல்லை.
அதுவும் அவர்களுக்குக் கொள்ளாம்.

நேற்று மழை ரோந்து.
இரணியல் தாண்டியுள்ள வெட்டில்
இருபுறமும் செம்மண் ஊறி நின்றது.
ஓடையில் தண்ணீர் எவ்வளவு ஏறியிருக்கிறது,
ஜல்லி இளகியிருக்கிறதா,
ஒவ்வொன்றாய்ப் பார்த்துக்கொண்டு நடந்தேன்.
விளக்கு எட்டாத இடத்தில்
என்னவோ பெரிதாகப் படுத்திருப்பதுபோல இருந்தது.
பூட்ஸை மெதுவாக எடுத்து வைத்தேன்.

இரண்டரைக்குச் சரக்கு வண்டி.
ஓரமாய் ஒதுங்கி விளக்கைத் தூக்கிக் காட்டினேன்.
வளைவில், விதிப்படி,
நீளமாக ஹார்ன் அடித்தான் டிரைவர்.

எனக்கு அவன்மேல் சரியான கோபம்.